தொட்டால் இயங்கும் மடிக்கணினி வந்த வழி

சேலத்திலிருந்து நாமக்கல் செல்லும் நெடுஞ்சாலையில் இருக்கிறது எங்கள் ஊரான புதுச்சத்திரம். சத்திரம் என்பது வழிப்போக்கர் தங்கி இளைப்பாறும் இடம். அந்நாளில் நடந்து சென்ற வழிப்போக்கருக்கு இரண்டு கவலைகள் இருந்திருக்கும். தோளில் உள்ள மூட்டை கனக்கக் கூடாது. அதே சமயம் வழியில் தேவைப்படும் பொருள் எதுவும் மூட்டையில் இல்லாமல் போகவும் கூடாது. மடிக்கணினியின் வரலாறும் இந்த இரண்டு கவலைகளுக்கும் இடையே நடந்த இழுபறியின் வரலாறுதான்.

இதை நான் எண்ணிப் பார்க்க நேர்ந்தது ஒரு ஞாயிற்றுக்கிழமை மாலையில். லாரிகளுக்குப் பாடி கட்டும் பட்டறையில் வேலை செய்யும் ஒருவர், தம் மகளுடன் வீட்டுக்கு வந்தார். மகள் தனியார் கல்லூரி ஒன்றில் இயற்பியல் இளங்கலை வகுப்பில் சேர்ந்திருந்தாள்.

"சார், மெல்லிசா, தொட்டா வேலை செய்யற மாதிரி, மடக்கித் திருப்பிக்கிற கம்ப்யூட்டர் வேணும்னு பொண்ணு கேக்குதுங்க. சாதாரணத்துக்கும் அதுக்கும் இருபதாயிரம் வித்தியாசம் சொல்றாங்க. அந்த இருபதாயிரத்துக்கு அதுல என்னங்க இருக்குது?"

நேரான கேள்வி. அந்த இருபதாயிரம் அவருக்குப் பல மாதச் சேமிப்பு. விளம்பரத்தைப் படித்து இதற்குப் பதில் சொல்ல முடியாது. இக்கருவி எப்படித் தோன்றியது, ஒவ்வொரு கட்டத்திலும் எதைப் பெறுவதற்காக எதை விட்டுக்கொடுத்தது என்று பார்த்தால் பதில் தானே கிடைக்கும். வாசகர்களே, அந்த வரலாற்றைச் சற்றே காண்போம்.

அட்டையில் செய்த கணினி

மடிக்கணினி முதலில் அட்டையில்தான் செய்யப்பட்டது என்றால் வியப்பாக இருக்கும். அமெரிக்கரான ஆலன் கே என்ற அறிஞர், குழந்தைகளும் சுமந்து செல்லத்தக்க கணினி ஒன்றைக் கற்பனை செய்து, அதற்கு அட்டையால் மாதிரியும் செய்து பார்த்தார். 1972ஆம் ஆண்டில், ஜெராக்ஸ் நிறுவனத்தின் ஆய்வுக்கூடத்தில் பணியாற்றியபோது, அதனைக் கட்டுரையாக எழுதினார். 'டைனாபுக்' என்று அவர் பெயரிட்ட அக்கருவி ஒரு நோட்டுப் புத்தகத்தின் அளவே இருக்க வேண்டும். எடை 4 பவுண்டுக்குள், அதாவது 1.8 கிலோவுக்குள் அடங்க வேண்டும். தட்டையான திரையும் விசைப்பலகையும் கொண்டிருக்க வேண்டும் என்பது அவர் எண்ணம்.

அன்றைய கணினிகள் அறையை அடைத்துக்கொண்டிருந்தன. கனவுக்கும் நடைமுறைக்கும் இருந்த தூரத்தை அறிய இன்னொரு கருவியைப் பார்த்தால் போதும். 1981ஆம் ஆண்டில் 'சுமந்து செல்லத்தக்கது' என்ற பெயரில் விற்பனைக்கு வந்த ஆஸ்போர்ன் கணினியின் எடை சுமார் 11 கிலோ! தையல் இயந்திரத்தைத் தூக்குவது போலத்தான் அதைத் தூக்க வேண்டும். அடுத்த ஆண்டில் வந்த கிரிட் காம்பஸ் என்ற கணினி, திரையைக் கீலின் மேல் நிறுத்திப் புத்தகம் போல் மூடும் அமைப்பைக் கொண்டுவந்தது. இன்றைய மடிக்கணினிகள் யாவும் அந்த வடிவத்தின் வழிவந்தவையே.

ஆய்வுக்கூடத்தில் பிறந்த தொடுதிரை

இனித் தொடுதிரையின் கதைக்கு வருவோம். இது வீட்டு வசதிக்காகப் பிறந்ததன்று. இங்கிலாந்தில் மால்வெர்ன் என்ற ஊரிலிருந்த அரச ரேடார் ஆய்வு நிலையத்தில் பணிபுரிந்த ஈ. ஏ. ஜான்சன் என்பவர், விமானப் போக்குவரத்தைக் கண்காணிப்போருக்கு உதவும் வகையில், விரலால் தொட்டு இயக்கும் திரையைப் பற்றி 1965ஆம் ஆண்டில் எழுதினார். பல விமானங்களை ஒரே நேரத்தில் கவனிக்கும் ஒருவர், பொத்தானைத் தேடிக்கொண்டிருக்க முடியாது அல்லவா?

1972ஆம் ஆண்டில் ஜெனீவா அருகிலுள்ள செர்ன் ஆராய்ச்சி மையத்திலும் இதே தேவை எழுந்தது. அங்கே கட்டப்பட்டுக்கொண்டிருந்த பெரிய புரோட்டான் முடுக்கியை இயக்கப் பல்லாயிரம் பொத்தான்களும் குமிழ்களும் வேண்டியிருந்தன. ஃபிராங்க் பெக் என்பவர் கட்டுப்பாட்டு அறையை அமைக்கும் பொறுப்பில் இருந்தார். டென்மார்க்கைச் சேர்ந்த பொறியாளர் பெண்ட் ஸ்டும்பே அவருக்கு ஒரு வழி சொன்னார். பொத்தான்களைத் திரையிலேயே வரைந்து காட்டி, தேவைக்கேற்ப அவற்றை மாற்றிக்கொண்டால் என்ன? இவ்வாறு பிறந்த திரையில் 16 பொத்தான் இடங்களே இருந்தன. ஆனால் ஒவ்வொரு தொடுகைக்கும் அந்த 16 இடங்களின் பெயரும் வேலையும் மாறும். 1976ஆம் ஆண்டில் முடுக்கி இயங்கத் தொடங்கியபோது இத்திரைகளும் பணிக்கு வந்தன.

ஏறத்தாழ இதே காலத்தில் அமெரிக்காவில் சாம் ஹர்ஸ்ட் என்ற இயற்பியலாளர், வரைபடத் தாள்களிலிருந்து அளவுகளை ஒவ்வொன்றாகப் படித்தெடுக்கும் சலிப்பூட்டும் வேலையைச் சுருக்க எண்ணினார். மின்சாரம் கடத்தும் தாளின் மேல் வரைபடத்தை வைத்து, புள்ளியைத் தொட்டால் அதன் ஆயங்கள் மின்னழுத்தமாகக் கிடைக்கும்படி செய்தார். இதிலிருந்து மின்தடைத் தொடுதிரை வளர்ந்தது.

மூன்று வழிகள், மூன்று குறைகள்

விரல் எங்கே பட்டது என்று திரைக்கு எப்படித் தெரிகிறது? முதல் வழி, ஹர்ஸ்ட் கண்ட மின்தடை வழி. பன்னிரண்டாம் வகுப்பில் மின்னழுத்தமானியைக் கையாண்டவர்களுக்கு இது புதிதன்று. நீண்ட கம்பியின் இரு முனைகளுக்கிடையே மின்னழுத்தம் கொடுத்து, தொடுசாவியை நடுவில் வைத்தால், தொட்ட இடத்தின் தூரத்துக்கு ஏற்ப மின்னழுத்தம் கிடைக்கிறது. கம்பிக்குப் பதில் ஒளி புகும் கடத்திப் பூச்சு கொண்ட இரண்டு படலங்களைச் சிறு இடைவெளியில் வைத்தால், அதுவே மின்தடைத் தொடுதிரை. அழுத்தினால் படலங்கள் தொட்டுக்கொள்கின்றன. எந்தக் குச்சியாலும் எழுதலாம். கையுறை போட்டும் தொடலாம். ஆனால் அழுத்த வேண்டும், படலம் தேயும், எளிய வகைகளில் இரண்டு விரல்களைப் பிரித்தறிய இயலாது.

இரண்டாவது, அகச்சிவப்புக் கதிர் வழி. திரையின் விளிம்பில் கதிர்களைக் குறுக்கும் நெடுக்குமாகச் செலுத்தி, விரல் எவற்றை மறைக்கிறது என்று பார்ப்பது. இல்லினாய் பல்கலைக்கழகம் 1972ஆம் ஆண்டில் கற்பித்தலுக்காக உருவாக்கிய பிளேட்டோ கணினி முனையங்களிலும், 1983ஆம் ஆண்டில் வந்த ஹியூலெட் பேக்கார்டு 150 என்ற கணினியிலும் இம்முறை இருந்தது. பின்னதில் கதிர் வரும் துளைகளில் தூசு அடைத்துக்கொள்வது பெருந்தொல்லையாயிற்று.

மூன்றாவது மின்தேக்கி வழி. இன்றைய செல்பேசியிலும் மடிக்கணினியிலும் இருப்பது இதுவே. கண்ணாடிக்கு அடியில் இண்டியம்-வெள்ளீய ஆக்ஸைடு போன்ற ஒளி புகும் கடத்தியால் ஆன வலை இருக்கிறது. நம் விரலும் ஒரு கடத்தி. விரல் ஒரு தகடு, வலை மற்றொரு தகடு, கண்ணாடி இடைப்பட்ட மின்காப்பு. ஒரு சதுர சென்டிமீட்டர் விரல் பரப்பு, 0.7 மில்லிமீட்டர் கண்ணாடி, அதன் மின்காப்பு மாறிலி 7 என்று கொண்டு கணக்கிட்டால் மின்தேக்குத்திறன் ஏறத்தாழ 9 பிக்கோஃபாரடு வருகிறது. வலையின் ஒரு சந்திப்பில் ஏற்படும் மாற்றம் இதனினும் மிகச் சிறிது. அதை ஒவ்வொரு சந்திப்பிலும் விநாடிக்குப் பல முறை அளந்து, பத்து விரல்களையும் பிரித்தறிகிறது கருவி. குறை என்ன? சாதாரணக் குச்சிக்கு இது மசியாது. ஈரக் கையைக் கண்டால் குழம்பும். நுண்ணிய எழுத்துக்குத் தனிப்பட்ட மின் எழுதுகோல் வேண்டும்.

நம் நாட்டில் நடந்தவை

இந்த வேறுபாடு ஏட்டளவில் நிற்பதன்று என்பதற்கு நம் நாட்டு வரலாறே சான்று.

பெங்களூரில் இந்திய அறிவியல் கழகப் பேராசிரியர்கள் சிலரும் ஒரு மென்பொருள் நிறுவனத்தாரும் சேர்ந்து 1999ஆம் ஆண்டில் சிம்ப்யூட்டர் அறக்கட்டளையைத் தொடங்கினர். எழுதப் படிக்கத் தெரியாதவரும் பயன்படுத்தத்தக்க, உள்ளங்கையில் அடங்கும் தொடுதிரைக் கணினியை உருவாக்குவது நோக்கம். இந்திய மொழி வரிகளை உரக்கப் படித்துக்காட்டும் வசதியும் அதில் திட்டமிடப்பட்டது. 2004ஆம் ஆண்டில் பாரத் எலக்ட்ரானிக்ஸ் நிறுவனத்தின் தயாரிப்பாக அமிடா சிம்ப்யூட்டர் கடைக்கு வந்தது. விலை சுமார் 10,000 ரூபாயில் தொடங்கியது. கருவியை அசைத்தாலே பக்கம் புரளும் உணர்வியும் அதில் இருந்தது! எனினும் எதிர்பார்த்த அளவில் அது விற்கவில்லை. மலிந்துவந்த செல்பேசி அதன் இடத்தைப் பிடித்துக்கொண்டது.

2011 அக்டோபர் 5 அன்று புதுதில்லியில் ஆகாஷ் கைக்கணினி வெளியிடப்பட்டது. மாணவர்களுக்காக, மூவாயிரம் ரூபாய்க்கும் குறைந்த விலையில் கிடைத்த அதன் 7 அங்குலத் திரை மின்தடை வகையைச் சேர்ந்தது. தொட்டால் உடனே இயங்கவில்லை என்பது முதல் குறையாக எழுந்தது. மின்கலமும் நீடிக்கவில்லை என்றனர். மறு ஆண்டு நவம்பரில் வந்த இரண்டாவது ஆகாஷில் மின்தேக்கித் திரையும் விரைவான செயலியும் இடம்பெற்றன. விலைக்காகத் திரையில் விட்டுக்கொடுத்ததை ஏறத்தாழ ஓராண்டில் திருத்த வேண்டி வந்தது.

தமிழ்நாடு வேறு வழியில் சென்றது. 2011 செப்டம்பர் 15 அன்று திருவள்ளூர் மாவட்டம் காக்களூரில் மாணவர்களுக்கு விலையில்லா மடிக்கணினித் திட்டம் தொடங்கப்பட்டது. எல்காட் நிறுவனம் வாங்கி அளித்த அக்கணினிகளில் தொடுதிரை இல்லை, மெலிவும் இல்லை. ஆனால் முழு விசைப்பலகை இருந்தது. தமிழில் பக்கம் பக்கமாக எழுத வேண்டிய மாணவனுக்கு இது சிறிய செய்தியன்று. 1999ஆம் ஆண்டில் சென்னையில் நடந்த தமிழிணைய மாநாட்டையொட்டித் தமிழ்நாடு அரசு ஏற்றுக்கொண்ட தமிழ்99 விசைப்பலகையில், உயிரெழுத்துகள் இடக்கைக்கும் மெய்யெழுத்துகள் பெரும்பாலும் வலக்கைக்கும் வருகின்றன. இரு கைகளும் மாறி மாறி வேலை செய்யும் இந்த வசதியைக் கண்ணாடித் திரையில் தோன்றும் பொத்தான்களில் முழுமையாகப் பெற முடியாது.

2025-26 நிதிநிலை அறிக்கையில், 20 இலட்சம் கல்லூரி மாணவர்களுக்கு இரண்டு ஆண்டுகளில் கைக்கணினி அல்லது மடிக்கணினி வழங்கப்படும் என்று தமிழ்நாடு அரசு அறிவித்தது. அந்த 'அல்லது' என்ற சொல்லில்தான் நம் கேள்வி ஒளிந்திருக்கிறது. இரண்டும் ஒன்றிலேயே இருந்தால் என்ன?

மெலிந்த கதை

இரண்டையும் ஒன்றாக்கும் முயற்சி பழையது. 1993ஆம் ஆண்டிலேயே கிரிட் நிறுவனம் அத்தகைய மாற்றுவடிவக் கணினி ஒன்றை விற்றது. 2002ஆம் ஆண்டில் மைக்ரோசாஃப்ட் எழுதுகோல் கணினிகளுக்கென ஒரு வகையை அறிமுகப்படுத்தியபோது, திரையைத் திருப்பி மடக்கும் கணினிகள் சில வந்தன. அவை கனமாகவும் விலை உயர்ந்தும் இருந்ததால் பரவவில்லை.

கருவி மெலிய மூன்று மாறுதல்கள் தேவைப்பட்டன. முதலாவது, 1991ஆம் ஆண்டில் சோனி நிறுவனம் சந்தைக்குக் கொண்டுவந்த லித்தியம் அயனி மின்கலம். அதை உருவாக்கியதற்காக மூவருக்கு 2019ஆம் ஆண்டின் வேதியியல் நோபல் பரிசு கிடைத்தது. இரண்டாவது, குறைந்த மின்னழுத்தத்தில் இயங்கும் செயலி. செயலி செலவிடும் திறன் மின்னழுத்தத்தின் இருமடிக்கு ஏற்ப மாறுவதால், மின்னழுத்தம் பாதியானால் செலவு கால்பங்காகிறது. மூன்றாவது, சுழலும் தட்டுக்குப் பதில் வந்த திண்ம நினைவகம்.

2008ஆம் ஆண்டில் ஆப்பிள் நிறுவனத்தின் மேக்புக் ஏர் 1.36 கிலோ எடையில் வந்தது. ஆனால் அதில் குறுந்தகட்டு இயக்கி இல்லை. யுஎஸ்பி துளை ஒன்றே. நினைவகம் பலகையோடு பற்றவைக்கப்பட்டிருந்தது. மின்கலத்தை நாமே கழற்ற முடியாது. மெலிவின் விலை அன்றே எழுதப்பட்டுவிட்டது. 2011ஆம் ஆண்டில் இன்டெல் நிறுவனம் 'அல்ட்ராபுக்' என்ற பெயரில் மற்ற தயாரிப்பாளர்களையும் இவ்வழியில் திருப்பியது. 2012 அக்டோபரில் தொடுதிரைக்கென அமைந்த விண்டோஸ் 8 வந்தது. அதே காலத்தில், திரையை 360 பாகையும் சுழற்றி மடக்கும் கீலுடன் லெனோவோ யோகா வெளிவந்தது. எடை சுமார் ஒன்றரைக் கிலோ. ஆலன் கே கற்பனை செய்த எடைக்குள் அது அடங்கியது!

நம் வெயிலில் ஒரு கணக்கு

இக்கருவிகள் பெரும்பாலும் குளிரூட்டிய அறைகளில் இருந்துகொண்டு திட்டமிடப்பட்டவை. சேலம், நாமக்கல் சமவெளியின் சித்திரை வெயில் வேறு.

விசிறி இல்லாத மெல்லிய கணினி தன் மேற்பரப்பு வழியாகவே வெப்பத்தை வெளியேற்றுகிறது. கை சுடாதிருக்க, மேற்பரப்பு 45 டிகிரியைத் தாண்டக் கூடாது என்று கொள்வோம். அறை 25 டிகிரியில் இருந்தால் வேறுபாடு 20 டிகிரி. அறை 40 டிகிரியில் இருந்தால் வேறுபாடு 5 டிகிரிதான். நியூட்டனின் குளிர்தல் விதிப்படி, வெளியேறும் வெப்பம் கால்பங்காகிறது. செயலி தன் வேகத்தைக் குறைத்துக்கொள்வதைத் தவிர வேறு வழியில்லை. விசிறி உள்ள கணினிக்கு இந்தத் துன்பம் குறைவு. அதன் உள்ளே சில்லு 95 டிகிரி வரை சூடேறலாம் என்று கொண்டால், வேறுபாடு 70இலிருந்து 55ஆகவே குறைகிறது.

அடுத்தது வெளிச்சம். தொடுதிரைகள் பெரும்பாலும் பளபளப்பான கண்ணாடியால் மூடப்பட்டவை. கண்ணாடி தன்மேல் படும் ஒளியில் ஏறத்தாழ 4 விழுக்காட்டைத் திருப்புகிறது. நண்பகல் வெயில் படும் வெள்ளைச் சுவரின் பொலிவு சதுர மீட்டருக்கு 25,000 கேண்டலா அளவில் இருக்கும். அதில் 4 விழுக்காடு 1,000. சாதாரண மடிக்கணினித் திரையின் பொலிவோ 300 அளவில்தான். எதிரே வெயில் படும் சுவர் இருக்கத் திண்ணையில் அமர்ந்தால், பாடத்தைவிடச் சுவரின் நிழலுருவே நன்றாகத் தெரியும்! சொரசொரப்பான மேற்பூச்சுள்ள தொடாத் திரையில் இத்தொல்லை குறைவு.

அக்கண்ணாடியின் எடையும் கணக்கில் வரும். 14 அங்குலத் திரையின் பரப்பு சுமார் 540 சதுர சென்டிமீட்டர். 0.7 மில்லிமீட்டர் கண்ணாடி என்றால் எடை ஏறக்குறைய 95 கிராம்.

தோளும் கீலும்

நிமிர்ந்து நிற்கும் திரையைத் தொட்டு வேலை செய்வது தோளுக்கு உகந்ததன்று. நீட்டிய கையின் எடை 3 கிலோ, ஈர்ப்பு மையம் தோளிலிருந்து 30 சென்டிமீட்டர் என்று கொண்டால், தோள் தாங்க வேண்டிய திருப்புவிசை சுமார் 9 நியூட்டன் மீட்டர். இரண்டு நிமிடம் தாங்கலாம். இரண்டு மணி நேரம் முடியாது. ஆகவே சாதாரண மடிக்கணினியில் தொடுதிரை இருப்பது எப்போதாவது பயன்படும் வசதியே. திரையை முழுவதும் மடக்கி மேசைமேல் கிடத்தி எழுதுகோலால் எழுதும்போதுதான் அதற்குக் கொடுத்த பணத்துக்குப் பயன் தொடங்குகிறது.

அங்கேதான் கீல் வருகிறது. விரல் தள்ளும்போது திரை ஆடாமலிருக்க மாற்றுவடிவக் கணினியின் கீல் இறுக்கமாக இருக்க வேண்டும். இறுக்கம் கூடக் கூட, ஒவ்வொரு முறை திறக்கும்போதும் கீலைப் பிடித்திருக்கும் திருகுகளின் மேல் விசை கூடுகிறது. சில ஆண்டுகளுக்கு முன் நான் வாங்கிய மெல்லிய தொடுதிரைக் கணினியில், மூன்றாம் ஆண்டிலேயே கீல் பிடிக்கும் இடம் பிளந்துவிட்டது. திரையும் தொடுகண்ணாடியும் ஒன்றாக ஒட்டப்பட்டிருந்ததால் மேற்பகுதி முழுவதையும் மாற்ற வேண்டும் என்றார்கள். செலவு, வாங்கிய விலையில் பாதி. அது இன்று வெளித்திரையுடன் இணைக்கப்பட்டு, மேசையைவிட்டு நகராத கணினியாக இருக்கிறது.

கேட்க வேண்டியவை

ஆகவே வாங்கச் செல்லும் மாணவர் சில கேள்விகளை எடுத்துச் செல்லட்டும். எழுதுகோலால் சமன்பாடும் படமும் வரையப் போகிறேனா, அல்லது தட்டச்சுதானா? எழுதுகோல் விலையில் சேர்ந்ததா, தனியா? நினைவகம் பிற்பாடு கூட்டக்கூடியதா, பற்றவைக்கப்பட்டதா? பற்றவைத்ததாயின், முதலிலேயே போதிய அளவு வாங்க வேண்டும். மின்கலம் மாற்ற எவ்வளவு ஆகும். நாமக்கல்லிலோ சேலத்திலோ மாற்றித் தருவார்களா? மின்கலக் கணக்கும் எளிது. 50 வாட் மணி மின்கலம், 8 வாட் செலவு என்றால் ஆறு மணி நேரம். இரண்டாண்டு கழித்து மின்கலத்தின் கொள்ளளவு குறையும் என்பதையும் நினைவில் கொள்ள வேண்டும்.

இவற்றையெல்லாம் அன்று அந்தத் தந்தைக்கும் மகளுக்கும் சொன்னேன். அந்தப் பெண் குறிப்பெடுத்துக்கொண்டாள். இயற்பியல் வகுப்பில் நிரூபணங்களைக் கையால் எழுதிப் பழக வேண்டும், எழுதியதை அழியாமல் சேர்த்துவைக்க வேண்டும் என்பது அவள் எண்ணம். விளையாட்டுக்குக் கேட்டதன்று.

அடுத்த வாரம் மூவருமாகச் சேலத்துக் கடைக்குச் சென்றோம். விற்பவர் மிக மெலிந்த ஒன்றை எடுத்து ஒரு விரலில் நிறுத்திக் காட்டினார். தந்தை அதை வாங்கித் திறந்து மூடிப் பார்த்தார். லாரிக் கதவுகளுக்குக் கீல் பொருத்திப் பழகிய கை அது. பிறகு கேட்டார்: "இந்தக் கீலோட திருகு எதுல புடிச்சிருக்குதுங்க? தகட்டுலயா, பிளாஸ்டிக்லயா?"

விற்பவர் விழித்தார். இத்தனை கணக்குப் போட்ட எனக்கும் அக்கேள்வியை அப்படிக் கேட்கத் தோன்றியிருக்கவில்லை. விற்பவர் உள்ளே சென்று பழுது பார்ப்பவரிடம் விசாரித்து வந்து, பிளாஸ்டிக் என்றார். கீல் உலோகச் சட்டத்தில் பொருந்திய மற்றொன்றைப் பின்னர் எடுத்துத் தந்தார். எடை 1.6 கிலோ, விசிறி உண்டு, எழுதுகோல் உடன் வந்தது. இருந்தவற்றில் அது மிக மெலிந்ததன்று. அந்தப் பெண் அதை மடக்கி மேசைமேல் கிடத்தி, சீரலை இயக்கத்தின் சமன்பாட்டை ஒரு முறை எழுதிப் பார்த்தாள். பிறகு தலையசைத்தாள்.

அதைப் பையில் வைத்துக்கொண்டு நாங்கள் பேருந்தேறினோம்.